அண்மையில் கேட்டவை

நுழையும்முன்

பாடல் காற்றில் பிறந்து காற்றிலேயே கரைந்துவிடுவது. கரைந்த பாடலை மீண்டும் கண்டடைய மனிதர் காலந்தோறும் பல வழிகளைக் கையாண்டுள்ளனர். ஓலைச்சுவடியின் அடிக்குறிப்பில் தொடங்கிய அவ்வழி, இன்று திறன்பேசித் திரையின் பட்டியல் வரை நீண்டு வந்திருக்கிறது. நாம் கேட்ட பாடல்களை நினைவில் வைத்திருக்கும் கருவி, நம்மையும் நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவு எவருக்கு உரியது? ஒரு வீட்டின் அனுபவம் வழியே இவ்வினாவை எழுப்புகிறது இக்கட்டுரை.

திறன்பேசியில் இசைச்செயலி ஒன்றைத் திறந்தால் சிறு பட்டியல் ஒன்று கண்ணில் படும். சற்று முன் கேட்ட பாடல், நேற்றிரவு கேட்ட பாடல், பேருந்தில் வரும்போது பாதியில் நிறுத்திய பாடல் என அனைத்தும் அங்கே வரிசையாக நிற்கும். செயலிகள் அதற்கு வெவ்வேறு பெயர் இட்டிருந்தாலும் பொருள் ஒன்றுதான்: அண்மையில் கேட்டவை.

நம்முள் பெரும்பாலோர் அப்பட்டியலைப் பார்த்தும் பாராமல் கடந்து செல்கிறோம். மறந்துபோன பாடல் ஒன்றைத் தேடும் நாளில்தான் அதன் அருமை தெரிகிறது. நாம் அறியாத ஒருவர் அதைப் பார்த்துவிட்டார் என உணரும் நாளில்தான் அதன் கூர்மை தெரிகிறது. இவ்விரண்டு நாள்களும் எங்கள் வீட்டிற்கு ஒரே ஆண்டில் வந்தன. அவற்றைச் சொல்லுமுன், பாடலைத் தேடிக் கண்டடைதல் தமிழருக்குப் புதியதன்று என்பதைக் காண்போம்.

பெயரைச் சுமந்த பாடல்கள்

ஒரு பாடலை மீண்டும் கண்டடைய அதன் பெயர் வேண்டும். பாடியவர் பெயர் வேண்டும். இசையமைத்தவர் பெயரும் தெரிந்தால் இன்னும் எளிது. இன்றைய செயலி ஒவ்வொரு பாடலின் கீழும் இவற்றைக் காட்டுகிறது. பரிபாடலை எடுத்துப் பாருங்கள். கிடைத்துள்ள பாடல்கள் பலவற்றின் இறுதியில், பாடிய புலவர் இன்னார், இசை வகுத்தவர் இன்னார், பண் இன்னது என்னும் குறிப்புகள் உள்ளன. பதிற்றுப்பத்தில் நமக்குக் கிடைத்த எண்பது பாடல்களும் பெயர், துறை, வண்ணம், தூக்கு என்னும் குறிப்புகளோடு விளங்குகின்றன. அப்பாடல்களின் பெயர்கள் பாடலுக்குள் வரும் அரிய தொடரிலிருந்தே எடுக்கப்பட்டவை.

பெயர் தொலைந்தால் என்ன செய்வது? அதற்கும் நம் முன்னோர் வழி கண்டனர். சங்கத்தொகை நூல்களைத் தொகுத்தோர், புலவரின் இயற்பெயர் அறியாத இடங்களில் அவர் பாடலில் வரும் தொடரையே பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர் ஆகியோர் இவ்வாறு தொடரால் பெயர் பெற்றோர். பெயர் நினைவில்லை, பாடலின் ஒரு துண்டு மட்டும் நினைவிருக்கிறது என்று நாம் இன்று தடுமாறும் அதே நிலையில் நின்று, அத்துண்டையே அடையாளமாக்கிக் காத்தனர்.

நாதமுனிகள் பற்றிய வைணவ மரபுச் செய்தி இதனினும் சுவையானது. காட்டுமன்னார்கோவிலில் அடியார் சிலர் பாடக் கேட்ட பத்துப் பாசுரங்களின் நிறைவில், அவை ஆயிரத்துள் பத்து என்னும் குறிப்பு இருந்ததாம். எஞ்சியவை எங்கே என்று தேடிப் புறப்பட்ட அவர், நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தையே மீட்டுத் தந்தார் என்பர். பாடல் தன் இருப்பிடத்திற்கான வழியைத் தன்னுள்ளேயே பொதிந்து வைத்திருந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இசைத்தட்டு வந்தபோதும் இத்தேவை மறையவில்லை. 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் பதிவு செய்யப்பட்டது. பாடல் முடிந்ததும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். பதிவுகள் செருமனியின் ஹனோவர் நகருக்கு அனுப்பப்பட்டு அங்கே இசைத்தட்டுகளாக அச்சிடப்பட்டன. மொழி அறியாத தொழில்நுட்பர் எந்தத் தட்டிற்கு எந்தப் பெயர்ச்சீட்டை ஒட்டுவது என்று குழம்பாதிருக்க அவ்வறிவிப்பு உதவியது.

கேட்க விரும்பியவை

என் இளமையில் பாட்டு என்பது வானொலி தருவதே ஆகும். சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கப்பட்டவை. ஆயினும் தென்மாவட்ட வீடுகளில் திரைப்பாடல் என்றால் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பே முதலில் நினைவுக்கு வரும். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர்களின் குரலைக் கேட்டே பொழுதை அறிந்த வீடுகள் உண்டு. நேயர்கள் தம் பெயரையும் ஊரையும் விரும்பிய பாடலையும் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவர். அப்பெயர்கள் வானொலியில் ஒலிக்கும்போது தெருவே பெருமிதம் கொள்ளும்.

ஒலித்து முடிந்த பாடல் போனது போனதுதான். அதை மீண்டும் கேட்க, மறுமுறை ஒலிபரப்பாகும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். திரையரங்க வாயிலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தை வாங்கிச் சொற்களையேனும் கைக்கொள்வோர் பலர். மறதிக்கு எதிராக மக்கள் கைக்கொண்ட மலிவான கருவி அது.

ஒலிநாடா வந்தபின் நிலை மாறியது. பிலிப்சு நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த சிறு ஒலிநாடாப் பேழை, எண்பதுகளில் எங்கள் ஊர் கடைத்தெருவரை வந்துவிட்டது. பாட்டுப் பதிந்து தரும் கடைகள் தோன்றின. வெற்று நாடா ஒன்றை வாங்கி, வேண்டிய பாடல்களை வெள்ளைத்தாளில் எண்ணிட்டு எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்தால், சில நாள்களில் பதிந்து தருவார். அறுபது நிமிட நாடாவா, தொண்ணூறு நிமிட நாடாவா என்பதைப் பொறுத்துப் பட்டியல் குறுகும் அல்லது நீளும். எந்தப் பாடலைச் சேர்ப்பது, எதனை விடுவது என்று உடன்பிறந்தாரிடையே நடக்கும் வழக்கு எளிதில் தீராது. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைத் துளையில் செருகிச் சுற்றிச் சரிசெய்வோம்.

அஞ்சலட்டையும் வெள்ளைத்தாளும் நாம் கேட்க விரும்பியவற்றின் பட்டியல்கள். அவற்றை எழுதியவர் நாம். எவரிடம் கொடுப்பது என்று முடிவு செய்தவரும் நாம். திறன்பேசியில் இருப்பது நாம் கேட்டவற்றின் பட்டியல். அதனை எழுதுவது கருவி. விருப்பத்தைச் சொல்வது வேறு. நடத்தையைக் குறித்துவைப்பது வேறு. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பட்டியல் எவ்வாறு உருவாகிறது?

நாம் ஒரு பாடலைத் தொட்டவுடன் செயலி நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்கிறது: எந்தக் கணக்கு, எந்தப் பாடல், எந்தக் கருவி, எந்த நேரம். இக்குறிப்பு நம் கருவியில் மட்டும் தங்குவதில்லை. நிறுவனத்தின் கணினிக்குச் சென்று நம் கணக்கின் பெயரில் சேர்கிறது. இணையம் இல்லாத இடத்தில் தரவிறக்கிய பாடலைக் கேட்டாலும், தொடர்பு கிடைத்தபின் அச்செய்தி போய்ச் சேரும். ஆகவே, பட்டியல் கருவிக்கு உரியதன்று, கணக்கிற்கு உரியது. ஒரே கணக்கை மூன்று கருவிகளில் இணைத்திருந்தால், மூன்றிலும் கேட்டவை ஒரே பட்டியலில் கலந்துவிடும்.

எவ்வளவு நேரம் கேட்டால் 'கேட்டதாக' ஆகும்? ஸ்பாட்டிஃபை நிறுவனம் 30 நொடிகளைக் கடந்த பாடலையே ஒருமுறை கேட்டதாகக் கணக்கிடுகிறது. கேட்ட பாடல்களைக் குறித்துவைப்பதற்கென்றே 2002இல் இங்கிலாந்தில் தோன்றிய ஆடியோஸ்குரோப்ளர் என்னும் மாணவர் திட்டம் பின்னாளில் லாஸ்ட்.எஃப்எம் தளத்தோடு இணைந்தது. அதன் விதி, பாடலின் பாதியோ நான்கு நிமிடமோ, எது முந்துகிறதோ அதுவரை கேட்டிருக்க வேண்டும் என்பது. கலைஞருக்குச் சேர வேண்டிய தொகையைக் கணக்கிடவும் இத்தகைய எண்ணிக்கையே அடிப்படை. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையில் தம் பங்கை இழந்துவிடாதவாறு 2012ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. எனவே, கேட்டவற்றின் கணக்கு கலைஞரின் கூலிக்கணக்காகவும் விளங்குகிறது.

குரல்வழி உதவியாளரிடம் பேசும்போது மேலும் ஒரு பதிவு சேர்கிறது. அலெக்சா போன்ற கருவி, தன்னை விழிக்கச் செய்யும் பெயருக்காகக் காத்திருக்கிறது. அப்பெயரைக் கேட்டதும், தொடர்ந்து வரும் சொற்களைப் பதிந்து தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்புகிறது. அங்கே ஒலி எழுத்தாகிறது. எழுத்திலிருந்து கருத்து உணரப்படுகிறது. பின்னரே பாட்டு வருகிறது. ஆகவே, நாம் கேட்ட பாடல் ஓரிடத்திலும், நாம் அதைக் கேட்டுச் சொன்ன சொற்கள் வேறோரிடத்திலும் குறிக்கப்படுகின்றன. முன்னதை இசைச்செயலியில் காணலாம். பின்னதைக் குரல் உதவியாளருக்குரிய செயலியின் தனியுரிமைப் பகுதியில் காணலாம், அழிக்கலாம். யூடியூப் மியூசிக் செயலியில் 'ஹிஸ்டரி' என்னும் பகுதி கேட்டவற்றைக் காட்டும். குறித்துவைப்பதை நிறுத்திவைக்கும் வசதியும் அக்கணக்கில் உண்டு. ஸ்பாட்டிஃபையில் 'பிரைவேட் செஷன்' என்பதைத் தெரிவு செய்து, கேட்பது பிறர் கண்ணில் படாமல் கேட்கலாம்.

தாலாட்டைத் தேடிய மாலை

என் அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. மதுரையில் எங்களோடு இருக்கிறார். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர்; தமிழ் நாளிதழை எழுத்துக்கூட்டாமல் படிப்பார். கண்புரை அறுவைக்குப் பின் திறன்பேசியின் சிறு எழுத்துகள் அவருக்குப் பிடிபடவில்லை. கோவையில் பொறியியல் படிக்கும் என் மகள், விடுதிக்குப் புறப்படுமுன் அம்மாச்சியின் அறையில் பேசும் ஒலிபெருக்கி ஒன்றை வைத்துத் தன் இசைச்செயலிக் கணக்கை அதனோடு இணைத்தாள். படத்தின் பெயரையோ பாடகரின் பெயரையோ சொன்னால் பாட்டு வரும். எவரையும் எதிர்பாராமல் பாட்டுக் கேட்கலாம் என்பதில் அம்மாவுக்கு மகிழ்ச்சி.

ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில் நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது, அம்மா ஒலிபெருக்கியோடு வாதாடிக்கொண்டிருந்தார். "அந்தத் தாலாட்டைப் போடு" என்று அவர் கேட்கிறார். அது ஏதேதோ தாலாட்டுகளைப் பாடுகிறது. "எந்தப் பாட்டும்மா?" என்றேன். "பெரியக்கா பாடுமே, அந்தப் பாட்டு. சத்த முன்னாடி தானா வந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டான்னு எந்திரிச்சுப் போயிட்டு வந்தா, போயிருச்சு" என்றார்.

பெரியம்மா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் தம் பிள்ளைகளையும், பின் என்னையும் என் தம்பியையும் மடியில் இட்டுப் பாடிய பாட்டு அது. படத்தின் பெயரோ பாடியவர் பெயரோ அம்மாவுக்குத் தெரியாது. அவருக்கு அப்பாட்டின் பெயர் 'பெரியக்கா'. அப்பெயரை எந்தக் கருவி அறியும்?

பட்டியல் மகளின் திறன்பேசியில் இருந்தது. கோவைக்குப் பேசினோம். அவள் பட்டியலைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். தமிழ்ப் பாடல்களின் பெயர்கள் ஆங்கில எழுத்துகளில் இருந்தன. ழகரத்தை ஒரு பாடலில் ஓர் எழுத்தாலும், வேறொரு பாடலில் ஈரெழுத்தாலும் எழுதியிருந்தனர். நெடிலா குறிலா என்று அவளுக்கே விளங்காத பெயர்கள் சில. தமிழ் படிக்கத் தெரிந்த என் அம்மா தாம் கேட்ட தமிழ்ப் பாடலின் பெயரைத் திரையில் பார்த்தாலும் படிக்க இயலாது என்பது அப்போதுதான் எங்கள் மனத்தில் உறைத்தது.

பெயரால் ஆகாதபோது அம்மா வேறு வழியில் போனார். "மழைக்குக் கரண்டு போயிட்டு வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் போட்டேன். விளக்கேத்திட்டு வந்து உக்காந்தேன். நாலாவதோ அஞ்சாவதோ வந்த பாட்டு" என்றார். மகள் பட்டியலின் கீழிருந்து மேலாக எண்ணினாள். அவளது கணக்கோடு எங்கள் ஒலிபெருக்கி இணைந்திருந்தமையால், கோவையில் அவள் தொட்ட பாடல் மதுரையில் அம்மாவின் அறையில் ஒலித்தது. முதலாவது அன்று, இரண்டாவதும் அன்று. மூன்றாவது பாடலின் முதல் இசைத்துணுக்கு எழும்போதே அம்மா கையை உயர்த்தினார். பேசாதே என்பதற்கான குறிப்பு அது. பாட்டு முடியும்வரை மூவரும் பேசவில்லை.

மனித நினைவு ஒரு பாட்டை, அதனோடு இருந்த மனிதராலும் மழையாலும் விளக்காலும் அடையாளம் காண்கிறது. கருவியின் நினைவு அதனை வரிசையாலும் நேரத்தாலும் அடையாளம் காண்கிறது. ஒன்றுக்குத் தெரிந்தது மற்றொன்றுக்குத் தெரியாது. இரண்டும் சந்தித்தமையால் அன்று அந்தப் பாட்டுக் கிடைத்தது.

பின்னிரவு மூன்று மணி

மாசி மாதம் மகளுக்குத் தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. ஓரிரவு மூன்று மணிக்கு உறக்கத்தை விரட்டப் பாட்டுக் கேட்கலாம் என்று செயலியைத் திறந்தாள். 'அம்மாச்சி அறை' என்னும் கருவியில் பாட்டு ஒலித்துக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. அத்தகைய தனிநபர் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு கருவியில்தான் பாட்டு ஒலிக்கும். தான் தொட்டால் அங்கே நின்றுவிடுமே என்று அவள் தொடவில்லை. பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்தாள். முந்தைய இரவுகளிலும் அவள் கேட்காத பழைய பாடல்கள் நிறைந்திருந்தன.

விடிந்ததும் என்னை அழைத்தாள். "அம்மா, அம்மாச்சி நாலஞ்சு நாளா ராத்திரி தூங்கவே இல்ல" என்றாள். அம்மாவிடம் விசாரித்தேன். முழங்கால் வலி. படுத்தால் கூடுகிறது, எழுப்பினால் நாங்கள் வருந்துவோம் என்று, ஒலியைக் குறைத்துவைத்துப் பாட்டுக் கேட்டபடி இரவைக் கழித்திருக்கிறார். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருந்தும் பயிற்சியும் சில வாரங்களில் வலியைத் தணித்தன.

ஒரு நன்மை நடந்தது என்று இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால், மருத்துவமனையிலிருந்து திரும்பிய மாலை அம்மா ஒலிபெருக்கியின் மின்செருகியைக் கழற்றிவிட்டார். இரண்டு நாள் அந்த அறையில் பாட்டு இல்லை. மூன்றாம் நாள் சோறுண்ணும்போது அவரே பேசினார்: "வலியக் கண்டுபிடிச்சது சரிதான். என்னையக் கேக்காமக் கண்டுபிடிச்சீங்களே, அதத்தான் தாங்க முடியல. ராத்திரி நான் தனியாத்தான் இருக்கேன்னுல்ல நெனச்சிருந்தேன்."

மறுமொழி சொல்ல எவரிடமும் சொல் இல்லை. மகள் வேவு பார்க்கவில்லை; பட்டியல் அவள் கணக்கில்தான் இருந்தது. அவள் கண்டதை மறைத்திருந்தால் அம்மாவின் வலி நீடித்திருக்கும். அன்பு இருந்தது, தேவையும் இருந்தது, பயனும் விளைந்தது. இருந்தும், எண்பத்தொரு வயதுப் பெண்ணொருத்தியின் தனிமை, அவருக்குத் தெரியாமலே கலைந்திருந்தது. அன்பின் பெயரால் நிகழ்ந்தாலும் அது கலைதலே என்பதை அவர் முகம் எங்களுக்கு உணர்த்தியது.

சனிக்கிழமை மகள் ஊருக்கு வந்தாள். அம்மாச்சியின் அருகில் அமர்ந்து, பட்டியல் எப்படி உருவாகிறது, எங்கே சேர்கிறது, எவர் பார்க்க முடியும் என்பவற்றை ஒவ்வொன்றாக விளக்கினாள். பதிவுகளை அழிக்கலாம், குறிப்பதை நிறுத்தலாம், தனிக்கணக்குத் தொடங்கலாம் என மூன்று வழிகளையும் சொல்லி, "உங்களுக்கு எது வேணும் அம்மாச்சி?" என்று கேட்டாள். அம்மா நெடுநேரம் எண்ணிப் பார்த்துச் சொன்னார்: "பகல்ல கேக்குறது வீட்டுக்குப் பொது. ராத்திரி கேக்குறது எனக்கு. அழிக்க வேணாம், எம் பாட்டு எங்கிட்ட இருக்கட்டும். வலிச்சா நானே சொல்றேன்."

அவர் பெயரில் தனிக்கணக்கு தொடங்கினோம். அதன் பட்டியலை இப்போது எங்கள் வீட்டில் அவருடைய திறன்பேசியில் மட்டுமே காண முடியும். மகள் விடுமுறைக்கு வரும்போது, தாம் காட்ட விரும்பிய பாடல்களை அவரே எடுத்துக் காட்டச் சொல்வார். வலி மிகுந்த இரவுகளில் கதவைத் தட்டி என்னை எழுப்புகிறார். வாக்குத் தவறவில்லை.

யாருக்கு உரிய பட்டியல்?

எங்கள் வீட்டில் எழுந்த வினா நாட்டுக்கும் பொதுவானது. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று இந்திய உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017ஆம் ஆண்டு ஆகத்து 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தரவைத் திரட்டுவோர் எதற்காகத் திரட்டுகின்றனர் என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இசைவைத் திரும்பப் பெறவும் தரவைத் திருத்தவும் அழிக்கவும் உரிமை அளிக்கிறது. 18 வயது நிறையாதோரை அச்சட்டம் குழந்தை என்றே குறிக்கிறது. சட்டம் இடமளிக்கும் சில விலக்குகள் நீங்கலாக, அவர்களின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. பதினோராம் வகுப்பு வகுப்பறையில் அமர்ந்திருக்கும் உங்களுள் பெரும்பாலோர்க்கு இப்பகுதி நேரே பொருந்தும்.

ஒரு பாட்டுப் பட்டியலில் அப்படி என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒருவர் எந்நேரம் விழித்திருக்கிறார், எப்போது பயணம் செய்கிறார், எந்த மொழியில் மகிழ்கிறார், எந்தக் கடவுளைத் தொழுகிறார், எந்த வாரத்தில் துயர்ப்பாடல்களையே கேட்டார் என்பன அதில் உள்ளன. என் அம்மாவின் முழங்கால் வலியே அதில் இருந்ததே! அன்புள்ளோர் கண்ணில் பட்டபோது அது மருந்தானது. அன்பற்றோர் கையில் அது வணிகச்சரக்காகலாம், ஏளனத்திற்கும் கருவியாகலாம். தோழரின் திறன்பேசியை வாங்கி அவர் கேட்ட பாடல்களை உரக்கப் படித்துச் சிரிப்பது விளையாட்டாகத் தோன்றும். அதுவும் ஒருவரது அறைக்கதவைத் தட்டாமல் திறப்பதற்கு ஒப்பானதே.

சட்டம் நிறுவனத்திற்கு வரம்பு கட்டும். வீட்டிற்குள்ளும் நட்பிற்குள்ளும் வரம்பு கட்டுவது பண்பாடு. ஒரு கணக்கைப் பலர் பகிர்வதாயின், ஒருவர் கேட்பது மற்றவர்க்குத் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுதல் வேண்டும். முதியோர்க்குக் கருவி அமைத்துத் தரும் பொறுப்புப் பெரும்பாலும் இளையோராகிய உங்களிடமே வருகிறது. பாட்டுக் கேட்கக் கற்றுத் தரும்போதே, அது எதையெல்லாம் குறித்துக்கொள்கிறது என்பதையும் கற்றுத் தாருங்கள். அறியாத ஒருவருக்கு அறிவித்த பின்னர் பெறுவதே இசைவு.

பட்டியலில் இல்லாதவை

அந்தத் தாலாட்டு கிடைத்த மாலையில், பாட்டு முடிந்தபின் அம்மா சொன்ன செய்தி ஒன்று உண்டு. திரையில் வந்த பாட்டை அப்படியே பெரியம்மா பாடுவதில்லையாம். நடுவில் தாமே கட்டிய நான்கு வரிகளைச் சேர்ப்பாராம். அவற்றில் எங்கள் ஊர்க் கண்மாய் வரும். தாய்மாமன் வாங்கி வரும் கிலுகிலுப்பை வரும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் பெயரும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் மாறும், மற்றவை மாறா. அவ்வரிகளை அம்மா பாடிக்காட்டினார். குரல் நடுங்கினாலும் வரிகள் பிசகவில்லை.

அந்நான்கு வரிகள் எந்த நிறுவனத்தின் கணினியிலும் இல்லை. அவற்றை எத்தனை முறை கேட்டாலும் எந்தப் பட்டியலிலும் ஏறா. தமிழரின் பாட்டுச் செல்வத்தில் பெரும்பகுதி இவ்வகையினது. நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்', கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' போன்ற நூல்கள் இருப்பதால், ஏட்டில் ஏறாத பாடல்கள் சில நமக்குக் கிடைத்தன. ஏறாது போனவை எத்தனையோ! அவற்றைச் சுமந்த குரல்கள் ஓய்ந்தபோது அவையும் ஓய்ந்தன.

உங்கள் வீட்டிலும் அத்தகைய வரிகள் இருக்கும். பாட்டியோ தாத்தாவோ அண்டை வீட்டுப் பெரியவரோ நினைவில் வைத்திருக்கும் தாலாட்டையும் நடவுப்பாட்டையும் கேளுங்கள். பதிந்துகொள்ளலாமா என்று முதலில் இசைவு கேளுங்கள். அவர் சம்மதித்தால், பாடியவர் பெயர், ஊர், நாள், எவரிடம் கற்றார் என்னும் குறிப்புகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதி வையுங்கள். பரிபாடலுக்கு அடிக்குறிப்பு எழுதிய பெயர் தெரியாத முன்னோர் செய்த பணியும் இதுவே. பெரியம்மாவின் நான்கு வரிகள், அம்மாவின் ஒப்புதலோடு, என் மகளின் கையெழுத்தில் எங்கள் வீட்டுக் குறிப்பேட்டில் இப்போது உள்ளன. பிள்ளையின் பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் அவள் வெற்றிடமாக விட்டிருக்கிறாள்.